ஏஐ பாதுகாப்பு மென்டர்ஷிப்: இரண்டு திட்டங்களில் இருந்துவிட்டு எழுதுகிறேன்

ஏஐ பாதுகாப்பு ஆராய்ச்சிக்குள் புதிதாக வருகிறவர்களுக்கென்று நடக்கும் மென்டர்ஷிப் திட்டங்களில் இரண்டில் இருந்திருக்கிறேன். அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவர், அதாவது மென்டர், உங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் திட்டங்கள் இவை. முதலாவது, வேலையில் இருந்துகொண்டே இணையவழியில் செய்தது, 3 மாதம். இரண்டாவது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்ந்தது, 10 வாரம். இரண்டின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எனக்கு நேர்ந்தது அந்தச் சுற்றில், அந்த மென்டரிடம் நேர்ந்தது. அதே திட்டத்தில் அடுத்த சுற்றில் சேர்ந்தவருக்கு எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கலாம். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்த விஷயங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்த விமர்சனம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: 6 வருடம் பேக்எண்ட் கோடு எழுதிக்கொண்டிருந்தவள். முனைவர் பட்டம் இல்லை, பேப்பர் எதுவும் எழுதியதில்லை. மொழி மாடல்கள் எப்படிப் பொய் சொல்கின்றன, எப்போது மறுக்கின்றன என்பதைப் படிக்கப் படிக்க, இதில் வேலை செய்யாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

தேட ஆரம்பித்தபோது முதலில் குழம்பினேன். பாடத்திட்டம், பயிற்சி முகாம், ப்ராஜெக்ட், ஃபெலோஷிப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘ப்ரோகிராம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு. புளூடாட் இம்பாக்ட் நடத்துவது படிப்பு: குழுவாக வாசித்து, பேசி, துறையின் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்வதற்கு. அரீனா என்பது கை பழகும் இடம்: டிரான்ஸ்ஃபார்மரை (மொழி மாடல்களின் அடிப்படை அமைப்பு) சுழியிலிருந்து எழுதுவது, இன்டர்பிரட்டபிலிட்டி (மாடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது), ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (பரிசு கொடுத்துப் பழக்குவது), இவேல்ஸ் (மாடலைச் சோதித்து அளப்பது) என்று பயிற்சிகள். லண்டனில் நேரிலும் நடத்துகிறார்கள். பாடங்கள் முழுவதையும் இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார்கள். நான் நோட்புக்கை (விளக்கமும் கோடும் சேர்ந்த பயிற்சிக் கோப்பு) ஒவ்வொன்றாகத் திறந்து தனியாகவே செய்தேன். அதற்கு ஈடான அறிமுகம் வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இவை இரண்டிலும் மென்டர் என்று ஒருவர் கிடையாது. உங்கள் கேள்விக்கு விடை ஏற்கனவே யாருக்கோ தெரியும்.

யாருக்கும் விடை தெரியாத கேள்வியோடு உட்காரும்போதுதான் மென்டர் தேவைப்படுகிறார். அதற்கு இருப்பவை இன்னொரு வகை. ஏஐ சேஃப்டி கேம்ப் 2018 முதல் நடக்கிறது. ப்ராஜெக்ட்டை முன்வைக்கிறவர் தலைமையில் சிறு குழுவாக, பகுதிநேரமாகச் செய்யலாம். ஸ்பார் முழுக்க இணையவழி; மென்டர் ஒரு ப்ராஜெக்ட் அறிவிப்பார், நீங்கள் அதற்கு விண்ணப்பிப்பீர்கள். மேட்ஸ் 2021 இறுதியில் ஸ்டான்ஃபோர்டின் ஒரு முயற்சிக்குள் தொடங்கி, பிறகு தனி அமைப்பானது. பெர்க்லியிலும் லண்டனிலும் முழுநேரமாக நடக்கிறது. உதவித்தொகை, அலுவலகம், கம்ப்யூட் (மாடல்களை ஓட்டத் தேவையான கணினித் திறன்) எல்லாம் உண்டு. முதன்மைக் காலம் முடிந்த பிறகு சிலருக்கு நீட்டிப்பும் கிடைக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முதல் திட்டத்தில் மென்டரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பெயருக்காக. அவருடைய பேப்பர்களைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். தேர்வான மின்னஞ்சல் வந்த அன்று வேலையே ஓடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர் அந்தச் சுற்றில் 3 ப்ராஜெக்ட்டில் 9 பேரை எடுத்திருக்கிறார் என்று. வாரத்துக்கு ஒரு முறை, 9 பேருக்கும் சேர்த்து 45 நிமிடம். ஆளுக்கு 5 நிமிடம். நான் 4 ஸ்லைடு தயார் செய்து வைத்திருப்பேன். இரண்டாவது ஸ்லைடில் “நன்றாகப் போகிறது, இன்னும் பெரிய மாடலில் ஓட்டிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். 12 கூட்டத்தில் 4 கூட்டம் ரத்தானது.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மென்டர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஆராய்ச்சிக்கு நடுவேதான் இதைச் செய்கிறார்கள். ஆனால் “நன்றாகப் போகிறது” என்ற அந்த வார்த்தையை நம்பி 7 வாரம் ஒரே வழியில் ஓடினேன். மாடலின் உள் இயக்கத்தோடு ஒரு வெக்டரை, அதாவது ஒரு திசையைக் குறிக்கும் எண் வரிசையைக் கூட்டினால் அதன் பதில் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கடைசி நாள் நிகழ்ச்சியில், கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கி, “எந்தத் திசையில் வெக்டர் சேர்த்தாலும் இதே விளைவு வருமா என்று பார்த்தீர்களா? ராண்டம் வெக்டர் போட்டால் என்ன ஆகிறது?” என்று கேட்டார். பார்க்கவில்லை. அன்று இரவே ஓட்டினேன். ராண்டம் வெக்டரிலும் ஏறக்குறைய அதேதான் வந்தது. 3 மாத வேலையின் முடிவு ஒரே இரவில் கரைந்துபோனது. முதல் வாரமே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும்.

அந்தத் திட்டத்தில் நல்லதும் ஒன்று உண்டு. கூட இருந்த 8 பேரில் ஒருவர் இன்றுவரை என்னோடு வேலை செய்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைப் பார்க்கவில்லை. ஒருவரிடம் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். எனக்குக் கிடைத்த மென்டர் அதிகம் அறியப்படாதவர். சில வருடங்களுக்கு முன்பு அவரே இப்படி ஒரு திட்டத்தில் மென்ட்டியாக இருந்தவர். அந்தச் சுற்றில் அவரிடம் 2 பேர்தான். வாரம் ஒரு மணி நேரம் தனியாக. இடையில் எழுதிக் கேட்டால் அன்றைக்கே பதில்.

மூன்றாவது வாரச் சந்திப்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை அந்த 10 வாரமும் அந்த ஒரு மணி நேரத்தில் அடங்கும்.

நான் செய்துகொண்டிருந்தது மறுப்பைப் பற்றிய வேலை. தீங்கான கேள்விகளுக்கு மாடல் உள்ளே எப்படி இயங்குகிறது, சாதாரணக் கேள்விகளுக்கு எப்படி இயங்குகிறது என்று இரண்டின் சராசரியை எடுத்துக் கழித்தால் ஒரு திசை கிடைக்கும். அந்தத் திசையை நீக்கினால் மாடல் மறுப்பதை நிறுத்திவிடுகிறது. சேர்த்தால் சாதாரணக் கேள்விக்கும் மறுக்கிறது. 2024-இல் ஆண்டி ஆர்டிட்டியும் மற்றவர்களும் 13 திறந்த மாடல்களில் இதைக் காட்டினார்கள். அந்த வேலையே மேட்ஸில் இன்டர்பிரட்டபிலிட்டி ஆராய்ச்சியாளர் நீல் நந்தாவின் குழுவில் பிறந்ததுதான். நான் சிறிய மாடல் ஒன்றை எடுத்து, மாடலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் எல்லா அடுக்கிலும் கை வைக்காமல் ஒன்றிரண்டு அடுக்குகளில் மட்டும் அந்தத் திசைக்கு எதிராகத் தள்ளினால் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் அற்புதமாக இருந்தது. ஒரே அடுக்கில் தள்ளினேன், மறுப்பு ஏறக்குறைய சுழிக்கு வந்துவிட்டது. கிராஃப் சரிவாக, அழகாக இறங்கியது. திரையைப் பகிர்ந்து காட்டினேன்.

அவர் கிராஃபைப் பார்த்தார். “மறுப்பு என்று எப்படி எண்ணினீர்கள்?” என்றார். “மன்னிக்கவும், என்னால் முடியாது போன்ற தொடர்கள் பதிலில் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் தேடும்” என்றேன்.

“சரி. கிராஃபை மூடிவிடுங்கள். ஏதாவது 10 பதிலை அப்படியே இங்கே ஒட்டுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ராண்டமாக எடுங்கள். இப்போதே படிக்கலாம்.”

ஒட்டினேன். இரண்டு பேரும் பேசாமல் படித்தோம். முதல் பதில் கேள்வியையே மூன்று விதமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நின்றிருந்தது. இரண்டாவது, சம்பந்தமே இல்லாத வேறு எதையோ பற்றிப் பேசியது. மூன்றாவதில் ஒரே சொல், டோக்கன் (மாடல் எழுதும் சொல் துண்டு) வரம்பு முடியும்வரை வரிசையாக அச்சாகியிருந்தது. இப்படி 7 பதில் உளறல். இரண்டு பதிலில் மாடல் தெளிவாகவே மறுத்திருந்தது, ஆனால் என் பட்டியலில் இல்லாத வார்த்தைகளில். உண்மையில் கேள்விக்கு இணங்கிப் பதில் சொன்னது ஒன்றே ஒன்று.

நான் மறுப்பை நீக்கவில்லை. தேவைக்கு மேல் தள்ளி மாடலையே உடைத்திருக்கிறேன். உடைந்த மாடல் ‘மன்னிக்கவும்’ என்று சொல்லாது. அதனால் என் ஸ்கிரிப்ட் அதை வெற்றியாக எண்ணியிருக்கிறது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா, தெரியாது. “இப்போது நமக்கு மூன்று பெட்டி வேண்டும். மறுத்தது, உதவியது, உளறியது. 100 பதிலை எடுத்து நீங்கள் கையால் பிரியுங்கள். நானும் தனியாகப் பிரிக்கிறேன், உங்களுடையதைப் பார்க்காமல். நாளைக்கு ஒப்பிடுவோம்” என்றார்.

அவரும் 100 பதிலைப் படித்தார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மென்டர், என்னுடைய கச்சாவான, பாதி உடைந்த 100 பதிலை உட்கார்ந்து படித்தார். மறுநாள் ஒப்பிட்டபோது 11 இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அந்த 11-ஐயும் ஒவ்வொன்றாகப் பேசினோம். பெரும்பாலானவை ஒரே மாதிரி: மாடல் “கண்டிப்பாக, இதோ” என்று ஆரம்பிக்கும், வரிசையாகத் தலைப்புகள் போடும், உள்ளே உருப்படியாக ஒன்றும் இருக்காது. இது உதவியா, மறுப்பா? நான் உதவி என்று போட்டிருந்தேன், அவர் மறுப்பு என்று. கடைசியில் இதற்கென்று நான்காவது பெட்டி ஒன்றைப் போட்டோம். மீதமிருந்த வாரங்களில் என் ப்ராஜெக்ட்டே அந்த நான்காவது பெட்டியைப் பற்றியதாக மாறிவிட்டது.

பிறகு 2024 பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன் மூன்று முறை படித்திருக்கிறேன். அவர்கள் மறுப்புத் தொடர்களை மட்டும் எண்ணி நின்றுவிடவில்லை. பதிலில் உண்மையிலேயே தீங்கான உள்ளடக்கம் இருக்கிறதா என்று லாமா கார்ட் 2 என்ற, தீங்கான உரையைக் கண்டறியும் மாடலைக் கொண்டு தனியாக இன்னொரு அளவீடும் வைத்திருக்கிறார்கள். மூன்று முறையும் அந்தப் பத்தியைக் கண்ணால் கடந்து போயிருக்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று 10 பதிலைப் படித்த பிறகுதான் புரிந்தது.

மற்ற துறைகளிலும் மென்டர் முக்கியம்தான். ஆனால் இங்கே எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. ஒரு மாடல் பாதுகாப்பானதா என்று சொல்லும் எண்ணை நாம்தான் உருவாக்குகிறோம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்னொருவர் இதை வெளியிடலாம் என்று முடிவெடுப்பார். எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் படித்துப் பார்க்காமல் இருந்தால், எண் தப்பாக இருப்பதைச் சொல்லவும் ஆள் இருக்காது. படித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் எந்த நோட்புக்கிலும் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்ததைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது.

இரண்டாவது திட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: ரிசர்ச் மேனேஜர். மேட்ஸிலும் இந்தப் பொறுப்பு உண்டு. அவர் உங்கள் ஆராய்ச்சிக் கேள்விக்குள் அதிகம் வரமாட்டார். வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து, நேரம் எங்கே போகிறது, எங்கே சிக்கியிருக்கிறீர்கள், மென்டரிடம் எதைக் கேட்கத் தயங்குகிறீர்கள் என்று விசாரிப்பார். முதலில் இது எதற்கு என்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் அவர், “இந்த வாரம் மென்டரிடம் சொல்லாமல் விட்டது என்ன?” என்று கேட்டபோது, ஒரு ரன் இரண்டு தடவையும் வேறு வேறு ரிசல்ட் தந்ததை மறைத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே மென்டருக்கு எழுதினேன். சீடு (ராண்டம் தேர்வுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருவதற்காகக் கொடுக்கும் தொடக்க எண்) சரியாக அமையவில்லை என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். விண்ணப்பிக்கும்போது இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள்.

குறைகளும் இருந்தன. எட்டாவது வாரத்தில் நீட்டிப்புக்கான தேர்வு தொடங்கியது. அதுவரை மதியம் ஒன்றாக உட்கார்ந்து “என்னுடையது ஓடவில்லை” என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த வாரத்திலிருந்து நல்ல கிராஃபை மட்டும் காட்ட ஆரம்பித்தார்கள். எங்களில் ஒருவர், ஒரு பிரபலமான முறை அவருடைய அமைப்பில் வேலை செய்யவில்லை என்று மிகக் கவனமாகக் காட்டியிருந்தார். நான் பார்த்தவற்றிலேயே நேர்மையான வேலை அது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார். நடத்துகிறவர்கள் இதை வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனாலும் நீட்டிப்பையும் ரிசல்ட்டையும் ஒரே தாம்பில் கட்டினால் இதுதான் நடக்கும். “எது வேலை செய்யவில்லை, ஏன்” என்ற பகுதியை அறிக்கையில் கட்டாயமாக்கி, அதற்கும் மதிப்பெண் வைத்திருக்கலாம்.

கடைசி இரண்டு வாரம் போஸ்டருக்கும் பேச்சுக்குமே போய்விட்டது. திட்டம் முடிந்த மறுநாள் கம்ப்யூட் கணக்கு மூடப்பட்டு, நான் பதிவிறக்காமல் வைத்திருந்த லாக்குகளில் பாதி போயிற்று. முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்தான். போஸ்டர் அவசரத்தில் கவனிக்கவில்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருக்கலாம்.

விசா விஷயமும் இருக்கிறது. நேரில் நடக்கும் திட்டங்களில் சேர்கிறவர்களுக்கு இது பெரிய தடை. எங்கள் சுற்றில் ஒருவருக்கு விசா தாமதமாகி முதல் நான்கு வாரம் திரை வழியாகவே இருந்தார். வந்து சேர்ந்தபோது குழுக்கள் அமைந்துவிட்டன, அவர் கடைசிவரை கொஞ்சம் தள்ளியே இருந்தார். தேர்வானதும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால்: முதல் திட்டத்துக்கு 5-க்கு 2, இரண்டாவதுக்கு 5-க்கு 4. இரண்டையும் பிரித்தது பணமோ நேரில் நடந்ததோ இல்லை. பகுதிநேர, இணையவழித் திட்டத்தில் ஒரு நல்ல மென்டரிடம் சேர்ந்து அருமையாகச் செய்தவர்களை எனக்குத் தெரியும். வேலையை விட முடியாதவர்கள் அந்த வழியிலேயே தாராளமாகப் போகலாம். ஆனால் விண்ணப்பத்துக்கு முன்போ, நேர்காணலின் முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா” என்று அவர்கள் சொல்லும்போதோ, கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தச் சுற்றில் உங்களிடம் எத்தனை பேர்? தனியாக எவ்வளவு நேரம்? போன சுற்றில் யாருடைய ப்ராஜெக்ட்டாவது பாதியில் திசை மாறியதா, எப்படி மாறியது? முன்பு உங்களிடம் இருந்த ஒருவரோடு நான் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு உடனே சரி என்று சொல்கிறவரிடம் சேருங்கள். நான் என் முதல் மென்டரிடம் எதையும் கேட்கவில்லை, அவருடைய பேப்பரைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

சில மென்டர்கள் விண்ணப்பத்திலேயே ஒரு சிறு ஆராய்ச்சி வேலை கொடுக்கிறார்கள். நீல் நந்தா தன் குழுவுக்குச் சேர விரும்புகிறவர்களை, தாங்களே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து 20 மணி நேரம் வரை வேலை செய்து, எழுதி அனுப்பச் சொல்கிறார். சம்பளமில்லாத 20 மணி நேரம் என்பது எல்லோராலும் ஒதுக்க முடிகிற ஒன்றல்ல. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் முடிந்தால் செய்யுங்கள். இப்படி ஒன்றைச் செய்து நான் தேர்வாகவில்லை. இருந்தும் அந்த வாரக் கடைசியில் கற்றது முதல் திட்டத்தின் மூன்று மாதத்தை விட அதிகம். பட்டத்தையோ பழைய வேலையையோ பார்க்காமல் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்க்கும் தேர்வு அது. என்னைப் போல வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு அது நியாயமான வழி.

இடம் கிடைக்காதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அபார்ட் ரிசர்ச் நடத்தும் வார இறுதி ஹேக்கத்தான்களில் சேரலாம். அரீனாவின் பாடங்களை யாரோடாவது ஜோடியாக உட்கார்ந்து செய்யலாம். ஜோடி முக்கியம். முதல் திட்டத்தில் கூட இருந்தவர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? நாங்கள் இருவரும் இப்போதும் வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசுகிறோம். கிராஃப் காட்டுவதில்லை. அவருடைய மாடலின் 10 பதிலை நான் படிப்பேன், என்னுடையதை அவர் படிப்பார். போன வாரம் அவர் என்னுடைய ஆறாவது பதிலில் நின்று, “இது ஏன் பயனர் பேசுவது மாதிரியே ஆரம்பிக்கிறது?” என்று கேட்டார். தேடிப் பார்த்ததில், உரையாடலை மாடலுக்குக் கொடுக்கும் வடிவமான சாட் டெம்ப்ளேட்டில் பயனரின் பேச்சு முடிகிறது என்று காட்டும் டோக்கன் விட்டுப்போயிருந்தது. மூன்று நாள் ஓட்டியதை நீக்கிவிட்டு, திருத்தித் திரும்ப ஓட விட்டிருக்கிறேன்.